இரண்டாம் வேற்றுமை

ஜன. 8, சனி.

மூன்றாவது நாளாகத் தூறல். மார்கழி கடைசியில் இது என்ன மழை. அறுப்புக்கு நிற்கிற நெல்லெல்லாம் சாய்ந்திருக்கும். கிழக்கறையில் ஓடு ஒழுகுகிறது, சரியாக மூப்பரின் டிரங்குப் பெட்டிக்கு மேலே. ஈயச் சட்டி வைத்திருக்கிறேன்.

புது நோட்டு. மூப்பர் கொடுத்தது. போன வருஷத்து நோட்டு நிரம்பித் தலைமாட்டில் கிடக்கிறது. அவர்கள் சபையில் எல்லாரும் தினம் எழுதியாக வேண்டுமாம். "உங்கள் பேரப்பிள்ளை படித்தால் புரிகிற மாதிரி எழுதுங்கள்" என்கிறார். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம், பிள்ளையும் இல்லை. பேரனுக்கு எங்கே போவேன்? இருந்தாலும் எழுதுகிறேன். தமிழில் எழுதுவதில் ஒரு சௌகரியம், அவருக்குப் புரியாது.

ஆகவே பேரனுக்கு: மூப்பர் என்றால் கிழவர் என்று நினைத்துவிடாதே. வயது இருபத்துமூன்று. மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை. கடலுக்கு அந்தப்புறத்துச் சின்னச் சபை ஒன்று, சம்பளமில்லாமல் வாலிபர்களை இரண்டிரண்டு பேராக இரண்டு வருஷத்துக்கு ஊர்ஊராக அனுப்புகிறது. அவர்களுக்கு அங்கே கொடுக்கிற பட்டத்தை நான்தான் 'மூப்பர்' என்று தமிழாக்கினேன். முதல் கிராமத்திலேயே மாட்டிக்கொண்டேன். "மூப்பனாரா? தஞ்சாவூர்ப் பக்கமா? வெள்ளையா இருக்காரே" என்று கேட்டார்கள். அன்றிலிருந்து சந்தையில் அவர் பேர் வெள்ளைக்கார மூப்பனார். இனி மூ. என்று எழுதுகிறேன், மை மிச்சம்.

கூட வந்த இன்னொரு வாலிபர் முதல் கோடையிலேயே படுத்து, கப்பலேறிவிட்டார். ஜோடி இல்லாமல் வேலை செய்யக் கூடாது என்பது சட்டம். மோட்டார் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த என்னை, அவர் பேச்சைத் தமிழில் சொல்லத் துபாஷியாக வைத்துக்கொண்டார். பிறகு ஜோடியாகவே ஆனேன். சின்னையா என்ற பேர் தானியேல் ஆயிற்று. பிப்ரவரியில் மூ.வுக்கு இரண்டு வருஷம் முடிகிறது, ஊருக்குப் போகிறார். போகுமுன் என்னை மூப்பராக்கி, கீரமங்கலத்துக் குடும்பத்தை என் பொறுப்பில் விட்டுப் போவதாகப் பேச்சு.

செய்ய: ஓடு மாற்ற ஆள். மூ.வின் வெள்ளை உடுப்பு வெளுக்க. குளிர்காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை. கருப்பையா வீட்டில் பதினொரு பேருக்கும் வெள்ளைத் துணி.

காப்பி: 1. (சபையில் காப்பி, தேயிலை, புகையிலை, கள் எதுவும் ஆகாது. மற்ற மூன்றும் எனக்குப் பழக்கமில்லை. முதலாவதை விட முடியவில்லை. தினம் எண்ணி எழுதினால் குறையும் என்று நினைத்தேன். எண்ணிக்கைதான் நடக்கிறது.)

ஜன. 9, ஞாயிறு.

மழை விட்டது. ஆலங்குடி வழியாகக் கீரமங்கலம். பஸ்ஸில் மூ.வுக்கு முன் ஸீட்டு, எனக்குப் பின்னால் வாழைத்தாரோடு.

கருப்பையா வீடு. புருஷன், பெண்டாட்டி செல்லாயி, அவர் தம்பி குடும்பம், பிள்ளைகள், எல்லாம் பதினொரு உயிர். அவர்களுக்கு ஞானமுழுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை என்று மூ. சொன்னார். அன்றைக்குக் கரிநாள். மூ.வுக்கு எங்கே தெரியும்? கருப்பையா தலையைச் சொறிந்தார். செல்லாயிதான் முடித்தது. "நல்ல காரியந்தான் கரிநாள்ல ஆகாது. கெட்டதக் கழிக்கத் தோதான நாளு. குளிச்சுக் கழிச்சிருவோம், விடுங்க." இதை மூ.வுக்கு "அந்த அம்மாள் சந்தோஷமாகச் சம்மதிக்கிறார்" என்று சொன்னேன்.

என் துபாஷித்தனம் இப்படித்தான். ஆவணியில் இதே ஊர்ச் சந்தையில் மூ. பெட்டி மேல் ஏறி நின்று, "உங்கள் முன்னோர் இருட்டில் பிறந்து இருட்டிலேயே செத்தார்கள்" என்றார். அப்படியே சொன்னால் செருப்புதான் பறக்கும். "ஒங்க முன்னோரையும் கடவுள் மறக்கலைங்க, பேர்பேராச் சொல்லி வச்சிருக்காரு" என்றேன். கூட்டம் கலைந்த பிறகு கருப்பையா வந்து மெதுவாகக் கேட்டார். "எங்கப்பன் பேதியில போனவருங்க. கொள்ளி வைக்கக்கூட ஆளு கிட்ட வரல. அவரு பேரும் அதுல இருக்குமா?" இருக்கும் என்றேன். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அந்தக் குடும்பம் நம் பக்கம் வந்தது. பாவமா புண்ணியமா, தெரியவில்லை.

கருப்பட்டிக் காப்பி வந்தது. மூ. கையை ஆட்டி மறுக்க, செல்லாயி முகம் சுருங்கிவிட்டது. இரண்டு டம்ளரையும் நானே குடித்தேன். என்ன அது என்று மூ. கேட்டார். சுக்குத் தண்ணீர் என்றேன்.

கிளம்பும்போது செல்லாயி வாசல்வரை வந்தது. "தொரை கப்பலேறிருவாரு. நீங்க இருப்பீங்கல்ல? ஒங்களை நம்பித்தேன் எறங்குறோம்." இருப்பேன் என்றேன். இதை மூ.வுக்கு மொழிபெயர்க்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

காப்பி: 2.

ஜன. 11, செவ்வாய்.

நல்ல வெயில். மூ. குளத்தங்கரைக் காற்றுக்குத் திருக்கோகர்ணம் போயிருக்கிறார். ஆடி மாதத்திலிருந்து தினம் சாயங்காலம் போகிற வழக்கம். தனியாக ஜெபம் பண்ண வேண்டும், கூட வர வேண்டாம் என்பார். தண்ணீர்க் கூஜா நிரப்பிக் கொடுப்பது நான். இன்று வழியில் யாரையோ பார்க்க வேண்டும் என்று காலையிலேயே போய்விட்டார்.

டிரங்குப் பெட்டிக்குள் ஈரம் இறங்கியிருந்தது. துணி, புத்தகம், தாயார் எழுதிய கடிதக் கட்டு, எல்லாவற்றையும் முற்றத்தில் பாய் விரித்துக் காய வைத்தேன். அடியில் ஒரு நீல நோட்டு, ஒட்டிக்கொண்டிருந்தது. தாள் தாளாகப் பிரித்தேன். பிரித்திருக்க வேண்டாம்.

இடது பக்கம் இங்கிலீஷ். வலது பக்கம் தமிழ். முதலாம் வகுப்புப் பிள்ளை எழுத்து, 'ழ' வால் எல்லாம் அங்கிட்டு இங்கிட்டு ஓடுகிறது. ஆனால் தமிழ்தான். தேதி போட்டு எழுதியிருக்கிறது.

இடது: நான் சொன்னது. வலது: தா. சொன்னது.

முன்னோர் இருட்டு, அதற்கு எதிரே 'பேர்பேராச் சொல்லி வச்சிருக்காரு'. பக்கத்தில் சிவப்புப் பென்ஸிலில் ஒரு பெருக்கல் குறி. அறந்தாங்கி, திருமயம், போன ஊர் ஒன்று விடவில்லை. பெருக்கல், பெருக்கல், எப்போதாவது ஒரு சரி. நாற்பது பக்கம்.

கடைசியில் 'சுக்குத் தண்ணீர் = காப்பி'. முந்தாநாளையது.

அதற்கும் கீழே: 'டிசம்பர் மாதம் வரை, காப்பி 31.'

முப்பத்தொன்று என்று அவருக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. என் பழைய நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். எண்ண ஆரம்பித்த அக்டோபரிலிருந்து டிசம்பர் முடிய, சரியாக முப்பத்தொன்று. தலைமாட்டில் வைத்திருந்த நோட்டு. நானே எழுதி, நானே கொடுத்த சாட்சி.

அப்படியானால் அப்பாவைப் பற்றி எழுதியதும் படித்திருப்பார். பெண்டாட்டி கனவில் வந்ததை எழுதியதும்.

கார்பன் காகிதத்தில் ஒரு கடித நகல். மதராஸில் இருக்கிற சபைப் பெரியவருக்கு. இங்கிலீஷ், இரண்டு தடவை படித்தேன். 'தானியேல் நல்ல மனசுள்ளவர். ஆனால் வசனத்தை அவர் கையில் நம்பிக் கொடுக்க முடியாது. அவரை மூப்பராக்க வேண்டாம் என்பது என் தாழ்மையான எண்ணம். பிப்ரவரியில் வருகிற புதிய ஜோடிக்கு வேறு துபாஷி பார்க்கவும்.' தேதி டிசம்பர். அதற்கு அப்புறமும் என்னோடு ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார், சகோதரரே சகோதரரே என்றார்.

போன ஐப்பசியில் குளிர்காய்ச்சல் வந்து இருபத்தொரு நாள் கிடந்தபோது கஞ்சி ஊற்றினது இந்தக் கை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு தாயாரைக் கூப்பிட்டார். நானும் "இங்கதான் இருக்கேன்" என்று தாயார் மாதிரிப் பதில் சொன்னேன். அப்போதும் அந்த நீல நோட்டு தலையணைக்கு அடியில் இருந்திருக்கும். தேதி வரிசையில் காய்ச்சல் நாள் மட்டும்தான் காலி.

எல்லாவற்றையும் காய்ந்தபடியே அடுக்கி வைத்துவிட்டேன். நீல நோட்டு அடியில்.

இந்த நோட்டை அரிசிப் பானைக்குள் வைக்கிறேன். பழைய நோட்டை அடுப்பில் போட்டேன்.

காப்பி: 3. வேண்டுமானால் எழுதிக்கொள்ளட்டும்.

ஜன. 12, புதன்.

பனி. மூக்கு அடைப்பு. மூ. வழக்கம்போல "ஸ்தோத்திரம் சகோதரரே, தூங்கினீர்களா?" என்றார், இங்கிலீஷில். தூங்கினேன் என்றேன், இங்கிலீஷில்.

யார் சொல்லிக்கொடுத்தது? திருக்கோகர்ணத்தில் வெள்ளைக்காரனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற ஆள் ஒருவர்தான். வைத்திலிங்கம் வாத்தியார். எனக்கும் நாலாம் வகுப்பில் இலக்கணம் சொன்னவர். கோவில் வாசலில் பார்த்தால் நின்று பேசுவார், போன மாதம் கூட மூ.வைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் மாதிரி "ஒங்க தொரை சௌக்கியமா?" என்று கேட்டார்.

வீட்டுக்கே போனேன். பனியனோடு உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"ஏன் வாத்தியாரய்யா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டான்ப்பா. அவன் வேதத்துமேல அடிச்சு. நமக்கு வேதம் வேறன்னாலும் சத்தியம் சத்தியம்தானே."

"நான் சொல்றதையெல்லாம் எழுதிட்டு வந்து ஒங்ககிட்டத்தானே அர்த்தம் கேட்டாரு?"

"கேட்டான். நீ சொன்ன தமிழு நல்ல தமிழு. அதையும் சொன்னேன். 'இவர் சொன்னது நான் சொன்னதா?'ன்னு கேட்டான். இல்லைன்னேன். வாத்தியான் பொய் சொல்லலாமா?"

அரிச்சந்திரன் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர்.

பேச்சை மாற்றுகிற மாதிரி, மாணவனைப் பற்றிப் பெருமை வேறு. "நல்ல புத்தி. எழுவாய் பயனிலையெல்லாம் பிடிச்சுட்டான். வேற்றுமைதான் ஒதைக்குது. அதுலயும் ரெண்டாம் வேற்றுமை. 'ஐ'ய எங்க போடணும் எங்க விடணும்னு தெரியல. நாய் கடிச்சானாம், நாயைக் கடிச்சானாம், எல்லாம் ஒண்ணுங்கிறான்." சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாசலில் இறங்கும்போது, "கோவிச்சுக்காதப்பா சின்னையா" என்றார். பழைய பேர். காது சுட்டது. அப்பாவுக்கு அப்புறம் அந்தப் பேரைச் சொன்னது இவர் ஒருவர்தான், அதுவும் இன்றைக்கு.

ஓடு மாற்றியாயிற்று.

காப்பி: 1. வாத்தியார் வீட்டில் கொடுத்தார்கள், அதை மட்டும் குடிக்கவில்லை. வழியில் குடித்தது.

ஜன. 13, வியாழன்.

போகி. தெருவெல்லாம் புகை. மூ. இருமுகிறார்.

தங்கச்சி வள்ளிக்குப் பொங்கல் சீர். அவளை ஆலங்குடியில் கொடுத்திருக்கிறது. போன வருஷம் அனுப்பவில்லை, அப்போதுதான் சூடு. இந்த வருஷம் அனுப்பிப் பார்ப்பது என்று மனசு. முந்தாநாள் வரை இந்த எண்ணம் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். மூ. இருக்கிறார், சபை இருக்கிறது, போதும் என்றிருந்தேன்.

மஞ்சள் கொத்து, கரும்பு இரண்டு, பச்சரிசி, வெல்லம், சேலை ஒன்று (பாக்கு நிறம், அவளுக்குப் பிடிக்கும்). பழைய கம்பெனிக் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பினேன். "நீங்களே கொண்டு போகலாம்ல?" என்றான். அவனுக்கு விஷயம் தெரியாது.

விஷயத்தை இந்த நோட்டிலும் எழுதிவிடுவது நல்லது, பழையது சாம்பலாகிவிட்டது. போன வருஷம் மார்கழிக் கடைசியில் மூ. என்னைக் குளத்தில் முழுக்கி எடுத்த மூன்றாம் நாள். அப்பா பங்காளிகளைக் கூட்டி, எங்கள் ஊர் ஊருணியில் இறங்கி, எனக்காகத் தலைமுழுகினார். சின்னையா என்று ஒரு மகன் எனக்கு இல்லை என்று மூன்று தடவை சொல்லி மூன்று முழுக்கு. செத்தவனுக்குச் செய்வது. மச்சான் வந்து சொன்னார். அப்பா அழுதாரா என்று கேட்டேன். "தலையத் தொவட்டிக்கிட்டு, சோத்தப் போடுன்னு ஒக்காந்துட்டாரு" என்றார்.

அவர் தண்ணீரில் இறங்கி என்னைச் செத்தவனாக்கினார், நான் தண்ணீரில் இறங்கிப் பிறந்தேன் என்று மூ. இதை வைத்து ஒரு பிரசங்கமே பண்ணினார். அதைத் துபாஷி பண்ணினதும் நான்தான். அந்த ஒரு பிரசங்கத்தில் ஒரு வார்த்தை மாற்றவில்லை.

அன்றிலிருந்து நம் முழுக்கைப் பற்றிப் பேசும்போது 'தலைமுழுகுவது' என்ற சொல் மட்டும் என் வாயில் வராது. ஞானமுழுக்கு என்பேன், தண்ணீரில் எடுப்பது என்பேன். அந்தச் சொல்லுக்கு இந்தச் சீமையில் வேறு அர்த்தம். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகினால் உடம்புக்கு நல்லது. ஒருத்தனைத் தலைமுழுகினால் அவன் செத்தான்.

காப்பி: 0. ஆச்சரியம்.

ஜன. 14, வெள்ளி.

பொங்கல். எதிர் வீட்டில் பானை பொங்கிக் குலவை போட்டார்கள். மூ. ஜன்னலில் நின்று பார்த்தார். "அழகாக இருக்கிறது" என்றார். பிறகு அது தப்பு என்று நினைவு வந்தவர் மாதிரி உள்ளே போய்விட்டார். அவருக்கும் வீட்டு ஞாபகம். பையன்தானே. இப்படி நினைக்கும்போதே நீல நோட்டு நினைவு வந்து மனசு புளித்துவிடுகிறது.

மத்தியானம் கண்டக்டர். மூட்டை அவிழ்க்காமல் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. கரும்பு மட்டும் ஒன்று குறைகிறது.

"ஒங்க மச்சான் வாங்க மாட்டேன்னுட்டாருண்ணே. 'செத்தவன் சீரு வீட்டுக்கு ஆகாது'ங்கிறாரு. அந்தக்கா உள்ளதான் நின்னுச்சு."

"கரும்பு?"

"அவுக மக ஓடிவந்து ஒண்ண உருவிக்கிட்டு ஓடிப்போச்சு. யாரும் தடுக்கல."

தங்கச்சி மகளுக்கு என்ன வயது இப்போது? நாலு இருக்கும். என்னைத் தெரிந்திருக்காது, கரும்பைத் தெரிந்திருக்கிறது. முற்றத்தில் உட்கார்ந்து அழுதேன். மூ. வந்து தோளில் கை வைத்து, "என்ன சகோதரரே?" என்றார். கண்டக்டர் சொன்ன அத்தனையும் உள்ளே இருந்து கேட்டிருப்பார், அத்தனையும் அவருக்குப் புரிந்திருக்கும். புரியாதவர் மாதிரி என் வாயால் சொல்லக் காத்து நிற்கிறார்.

"புகை" என்றேன்.

காப்பி: 2.

ஜன. 15, சனி.

மாட்டுப் பொங்கல். வெள்ளை உடுப்பு வெளுத்து வந்தது, கஞ்சி அதிகம்.

சாப்பிட்ட பிறகு மூ. என்னை உட்காரச் சொன்னார். தொண்டையைச் செருமினார். "சகோதரர் தானியேல், நான் உம்மிடம் ஒரு காரியம் மறைத்தேன்" என்றார். தமிழில்.

இரண்டு வருஷத்தில் முதல் தடவை அவர் வாயில் என் மொழி. வேத புத்தகத்துத் தமிழ், வாத்தியார் அடித்துத் திருத்தின தமிழ். என்ன சொல்ல, ஒரு நிமிஷம் சந்தோஷமாகக் கூட இருந்தது. அந்த வெட்கக்கேட்டை எங்கே போய்ச் சொல்வேன்.

மிச்சம் இங்கிலீஷில். நீங்கள் என் வார்த்தையை மாற்றுகிறீர்கள் என்று ஆடி மாதம் சந்தேகம் வந்ததாம். கேட்டால் மழுப்புவீர்கள் என்று கேட்கவில்லையாம். நாளைக்குக் குளத்தில் அவரே பேசப்போகிறார். நான் கரையில் நின்றால் போதும், வாய் திறக்க வேண்டாம்.

"என் நோட்டைப் படித்தீர்களா?" என்று கேட்டேன்.

காது இரண்டும் செம்பருத்திப்பூ மாதிரிச் சிவந்துவிட்டது. "எழுத்துக் கூட்டிப் படிக்க வேறு தமிழ்க் கையெழுத்து இல்லை" என்றார். எவ்வளவு நல்ல காரணம். என் பெண்டாட்டி கனவை வைத்து அரிச்சுவடி படித்திருக்கிறார்.

"மூப்பர் விஷயம்?"

"பெரியவர் தீர்மானிப்பார்" என்றார். கார்பன் நகலை நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்த்தே பொய் சொன்னார். நான் நாற்பது பக்கம் சொன்ன பொய்யில் ஒன்று கூட எனக்காக இல்லை, செருப்படி படாமல் அவரை வீடு கொண்டு வந்து சேர்க்கச் சொன்னது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பெருக்கல் குறி.

பிறகு நாளைய பேச்சைக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார். விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போனபோது பார்த்தேன். மேலே புதுச் சொற்கள்: தலை, முழுகு, தலைமுழுகு. தண்ணீர் எடுத்து வருகிற மாரியாயி, எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகினதைச் சொல்லக் கேட்டுப் பிடித்திருக்கிறார். தலைமுடி ஒன்று கூட வெளியே தெரியாமல் முழுக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். ஆகவே தோதான சொல் என்று சந்தோஷம், கீழே கோடு போட்டிருக்கிறது.

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. வாய் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே.

காப்பி: 1.

ஜன. 16, ஞாயிறு.

கரிநாள். முதல் பஸ். பனி விலகி நல்ல வெயில். கீரமங்கலத்துக்கு வெளியே, கருப்பையா வயலை ஒட்டின குளம். மழைத் தண்ணீர், கரை தொட்டு நிற்கிறது. பதினொரு பேரும் வெள்ளையில். சின்னப் பிள்ளை கையில் கரும்பு, பிடுங்கி வைத்தார்கள். வேடிக்கை பார்க்க ஊர்ச் சனம் முப்பது நாற்பது.

மூ. இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றார். நான் கரையில், துண்டுகளோடு.

"என் அன்பான சனங்களே" என்று தமிழில் ஆரம்பித்ததும் கூட்டம் ஆவென்று வாயைப் பிளந்தது. "ஏ, தொரை தமிழு பேசுறாரு!" கருப்பையா பெருமையாக என்னைப் பார்த்துச் சிரித்தார், நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று நினைத்து.

நன்றாகத்தான் பேசினார். முன்னோர் இருட்டைப் பற்றிச் சொல்லவில்லை. மறந்துவிட்டாரா, விட்டுவிட்டாரா, தெரியவில்லை. பயப்பட வேண்டாம் என்றார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. பொய்ச் சிரிப்பு இல்லை. அதையும் நான் எழுதத்தான் வேண்டும், உண்மையிலேயே பிரியமாகத்தான் கையை நீட்டினார்.

"இந்தத் தானியேலைப் பாருங்கள். போன வருஷம் நான் இவரைத் தலைமுழுகிவிட்டேன்!"

தண்ணீர்ப்பாம்பு போகிற சத்தம் கூடக் கேட்டிருக்கும்.

சரியாகச் சொல்லவில்லையோ என்று நினைத்தவர், இன்னும் பலமாக, "ஆம்! இவரைத் தலைமுழுகிவிட்டேன்! இன்றைக்கு உங்களையும் தலைமுழுகுவேன். அதன் பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது!" என்றார்.

முதலில் கருப்பையா தம்பி பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரையேறியது. யாரும் கோபப்படவில்லை, கத்தவில்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "தொரைக்கு வேற்றுமை தெரியலைங்க, தண்ணியில முழுக்கி எடுத்தேன்னு சொல்ல வந்தாரு" என்று ஒரே வார்த்தை. கூட்டம் சிரித்திருக்கும், பதினொரு பேரும் இறங்கியிருப்பார்கள். இரண்டு வருஷமாக அதுதானே என் வேலை.

கருப்பையா கிட்டே வந்தார். "அய்யா, தொரை சொல்றது நெசமா?"

"நெசந்தாங்க" என்றேன். கார்பன் காகிதத்தில் இருக்கிறது.

அவர் குளத்தைப் பார்த்தார், தன் வெள்ளை வேட்டியைப் பார்த்தார். "அப்ப எங்கப்பன் பேரு?" என்றார். நான் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன். அவர் தலை குனிந்து நடந்தார்.

செல்லாயி மட்டும் நின்றது. துணியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டது. வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். போகப் பார்த்துத் திரும்பியது.

"ஒங்கப்பனும் தலமுழுகிட்டாரு. இந்தா தொரையும் முழுகிட்டேங்கிறாரு. இனிமே எங்கிட்டுப் போவீங்க? சாப்பிட்டீங்களா, அதச் சொல்லுங்க முதல்ல."

சாப்பிடவில்லை. சாப்பிட்டேன் என்றேன்.

கரை காலியானது. மூ. இன்னும் தண்ணீரில் நிற்கிறார், உதடு நீலமாக. பதினொரு பேர் வரப்பில் வரிசையாகப் போவதைப் பார்த்துக்கொண்டு.

"ஏன் போகிறார்கள்? நான் தப்பாகச் சொன்னேனா?"

தமிழில்தான் கேட்டார். நானும் தமிழில், ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னேன்.

"இல்லைங்க. சரியாகத்தான் சொன்னீங்க."

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. துண்டுகளைக் கரையில் வைத்துவிட்டு, அவருக்குப் பத்தடி தள்ளி இறங்கினேன். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. மூன்று முழுக்கு. எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நல்ல அடையாளம் என்று நினைத்தாரோ என்னவோ, கண்ணை மூடி ஜெபம் பண்ண ஆரம்பித்தார்.

ஏறி, தலையைத் துவட்டினேன். நல்ல பசி.

காப்பி: இனிமேல் எண்ணுவதில்லை.